டார்ச்சம்மாவின் மூணு வாரக் கணக்கு

அவளுக்கு முன்னால் கொட்டாவி விடக் கூடாது. விட்டால் தொலைந்தீர்கள். பஸ் நிறுத்தமோ, பள்ளிக்கூட வாசலோ, மருந்துக்கடை வரிசையோ, எதுவானாலும் சரி, "அப்படியே இருங்க, மூடிடாதீங்க" என்று ஒரு குரல் வரும். பின்னாலேயே கைப்பையிலிருந்து ஒரு குட்டி டார்ச் வரும். முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாயை மூடாமல்தான் நிற்பார்கள். அந்தக் குரலில் அப்படியோர் அதட்டல். மீதிப் பத்துப் பேர் திட்டுவார்கள். திட்டுவதற்கும் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? அதற்குள் அவள் பார்த்து முடித்திருப்பாள்.

தெருவே அவளை டார்ச்சம்மா என்றுதான் கூப்பிடும். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. "எங்க கல்யாண போட்டோவுல எல்லாரும் கேமராவப் பார்த்துட்டு நிக்கறாங்க. இவ மட்டும் என் கடவாப்பல்லப் பார்த்துட்டு நிக்கறா" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் விடமாட்டாள். "பார்த்ததாலதான் அந்தப் பல்லு இன்னும் இருக்கு. இல்லன்னா இந்தப் பேச்சுக்கு எப்பவோ விழுந்திருக்கும்" என்பாள்.

செருப்புக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஒரு பல் கிளினிக். அங்கே டாக்டருக்கு உதவியாள். இருபத்திரண்டு வருஷமாகிறது. சேர்ந்தது என்னவோ போன் எடுப்பதற்குத்தான். சேர்ந்த மூன்றாம் வாரம், நாற்காலியில் ஒருவர் பாதி பிடுங்கின பல்லோடு வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. "யாராவது ஒரு டார்ச் பிடிங்களேன்!" என்று டாக்டர் கத்த, இவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். டாக்டரின் கை எந்தப் பக்கம் போகப் போகிறதோ, அதற்கு ஒரு நொடி முன்னாலேயே வெளிச்சம் அங்கே போய் அசையாமல் நின்றது. கரண்ட் வந்த பிறகும் அவர் அவளைப் போன் பக்கம் திருப்பி அனுப்பவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர், நல்ல கைராசி. ஆனால் பல் டாக்டர் பல்லைத்தானே பார்ப்பார்? இவள் மற்றதையெல்லாம் பார்த்தாள். நாக்கு, அதன் அடிப்பக்கம், கன்னத்தின் உட்புறம், ஈறு, உதட்டோரம். "பல்லு அவரு ஏரியா. சுத்தியிருக்கறதெல்லாம் என் ஏரியா" என்பாள். படித்தது பத்தாவது. ஆனால் டாக்டர் ஒரு வாயைப் பார்த்து என்ன சொன்னார், கடைசியில் என்னவாக முடிந்தது என்பதை ஒன்றுவிடாமல் மனசில் ஏற்றிக்கொண்டாள்.

ஒருதரம் ஒரு கூரியர்காரர் வந்தார். டீ குடித்தால் வாய் எரிகிறது, பல்லில் ஏதோ கோளாறு என்றார். பல் பாறை மாதிரி இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது இவள் கூரியர்காரரை நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கில் இருக்கவேண்டிய சொரசொரப்பே இல்லை. வழுவழுவென்று சிவந்து கிடந்தது. உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. "படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள். அவர் திகைத்துப்போய், "உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு மாசமா மேல் மாடி பார்சலையெல்லாம் கீழயே வெச்சுட்டு போன் பண்றேன்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தால், பாதிதான் இருந்தது. குடலில் ஒரு புண், சொட்டுச் சொட்டாக மாசக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வாய் எரிகிறது என்று வந்தவர் குடலுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். இன்றைக்கும் கிளினிக்குக்குப் பார்சல் வந்தால் இரண்டு மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்து, கேட்காமலேயே நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்.

இப்படி எத்தனையோ சொல்லலாம். சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஏனென்றால் அவள் மனசில் இருப்பது பிழைத்தவர்கள் இல்லை, முடிதிருத்துகிறவர். அவள் சேர்ந்த இரண்டாவது வருஷம் அவர் நாக்கின் ஓரத்தில் ஒரு புண்ணோடு வந்தார். பல் உரசுகிறது என்று டாக்டர் அந்தப் பல்லின் முனையைத் தேய்த்துவிட்டு, தடவ மருந்து கொடுத்தார். மறுபடி வந்தார், மறுபடி மருந்து. இப்படியே ஐந்து மாசம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இவள்தான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் பாதி நாக்கை எடுக்கவேண்டி வந்தது. மனுஷர் அப்படிப் பேசுவார்! தலையில் கை வைத்தால் உலக சமாசாரம் மொத்தமும் வரும். இப்போதும் கடை நடத்துகிறார், கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்கும். காலையில் இவள் கடந்துபோகும்போது கையைத் தூக்குவார். இவளும் தூக்குவாள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகலாம், போகமாட்டாள்.

அதற்குப் பிறகுதான் மஞ்சள் சீட்டு வந்தது. உள்ளங்கை அளவு அட்டை. அதில் திறந்த வாயின் படம். வாய்ப்புண்ணோடு யார் வந்தாலும், புண் எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு மையில் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. ஏழாம் நாள் ஒரு போன், பதினாலாம் நாள் ஒரு போன். ஆறிவிட்டதென்றால் "ஆறிப்போச்சு" என்று எழுதி, டிக் போட்டு, தகர டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். இருபத்தோராம் நாளும் ஆறவில்லையென்றால், பேச்சே கிடையாது, பெரிய ஆஸ்பத்திரி. "மூணு வாரத்துக்கு மேல ஒரு புண்ணு வாயில இருந்தா அது புண்ணு இல்ல, சமாசாரம்" என்பாள். நொண்டிச் சாக்கு சொன்னவர்களை வீட்டுக்கே போய் இழுத்து வந்திருக்கிறாள். அந்தக் கணக்கு நாலு பேர் உயிரைக் காப்பாற்றியதாக டாக்டரே சொல்வார்.

அந்தக் கணக்கில்தான் ஓட்டை இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது அவளுடைய நாத்தனார்.

வீட்டுக்காரரின் தங்கை, ஒரு மாடி கீழே குடியிருக்கிறாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலை. அடியில் விளக்கு எரிகிற மேஜையில் ஒவ்வொரு சட்டையாக விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து அனுப்பவேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. அவள் கைவிட்டுப் போன சட்டை திரும்பி வராது என்று கம்பெனியில் பேர். அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாசத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம் என்றும் சொல்லமுடியாது, ஒட்டி உறவு என்றும் சொல்லமுடியாது. "நீங்க வாயில ஓட்டை தேடறீங்க, நான் துணியில ஓட்டை தேடறேன். துணி எதிர்த்துப் பேசாது அண்ணி, அந்த விஷயத்துல எனக்குத்தான் நிம்மதி" என்று நாத்தனார் ஒரு இடி இடித்துவிட்டுப் போவாள்.

அவளுக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். வந்தால் டார்ச்சம்மா சீட்டு போடுவாள், மருந்து கொடுப்பாள். பத்து நாள், மிஞ்சிப்போனால் பன்னிரண்டு நாள், ஆறிவிடும். டிக், டப்பா. தூக்கம் பத்தவில்லை, வேலை ஜாஸ்தி, சத்து மாத்திரை சாப்பிடு என்று டாக்டரும் சொன்னார். அதோடு அது மறந்துபோகும்.

அப்புறம் அந்தச் சாப்பாட்டு மேஜை ரகளை. நாத்தனாரின் மாமியார் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் கீழ் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஏதோ ஜோக் அடிக்க, நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். டார்ச்சம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா?

"ஏய், உள் உதட்டுல என்னடி அது? திற. இன்னும் நல்லாத் திற."

டார்ச் எரிந்தது. மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே, "இந்த வீட்டுல சாப்பாட்டோட மருத்துவ முகாமும் உண்டுபோல இருக்கே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரின் முகம் சுருங்கிப்போயிற்று. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனவள், அன்றிலிருந்து அண்ணியோடு பேசவில்லை.

பேசாவிட்டால் என்ன, பார்த்தது பார்த்ததுதானே? மறுநாள் டார்ச்சம்மா சீட்டு போட்டாள். ஏழாம் நாள் போன் பண்ணினாள், எடுக்கவில்லை. பதினாலாம் நாள் எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்தாள். படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இருபதாம் நாள் வந்துவிட்டது, டிக் இல்லை. தன் சட்டப்படி நாளைக்கு இவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகவேண்டும். ரோஷக்காரி வருவாளா? வழக்கமாக இவளுக்கு எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்ப்போம் என்று தகர டப்பாவைக் கவிழ்த்துப் பழைய சீட்டுகளைத் தேடினாள்.

ஒன்று கிடைத்தது. இரண்டு. நாலு. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. மொத்தம் எட்டு. கருவிகள் வைக்கிற தட்டைக் காலி செய்துவிட்டு வரிசையாக அடுக்கினாள். பதினாலு மாசத்தில் எட்டு தடவை, புதுசோடு ஒன்பது. ஒரு தடவை நாக்கு, ஒரு தடவை கன்னம், ஒரு தடவை அண்ணத்துக்குப் பின்னால். சில சீட்டில் ஒரே நேரத்தில் நாலு புள்ளி. எட்டிலும் "ஆறிப்போச்சு" என்று அவள் கையெழுத்து, அழகான டிக். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு புண்ணையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எண்ணினவள், எத்தனை புண் என்று எண்ணவே இல்லை. ஆறினால் கணக்கு முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாயத் தவிர வேற ஏதாவது தொந்தரவு இருக்கா அவங்களுக்கு? கண்ணு, தோலு, மூட்டு?"

"கண்ணு சிவந்து பார்த்திருக்கேன் டாக்டர். அந்த மேஜை விளக்கு சூடுன்னு சொல்லி, மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்குவா." சொல்லும்போதே இன்னொன்று ஞாபகம் வந்தது. "போன மாசம் கம்பெனியில ரத்தம் எடுத்தாங்களாம். ஊசி குத்தின இடத்துல ரெண்டே நாள்ல சீழ்க்கட்டி மாதிரி ஒண்ணு. அழுக்கு ஊசி போட்டுட்டாங்கன்னு நர்ஸைத் திட்டிட்டிருந்தா."

டாக்டர் எழுந்தார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து, அவர் படிக்கிற காலத்துத் தலையணைப் புத்தகம் ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். பத்து நிமிஷம் படித்தார்.

"பெசெட்னு ஒரு நோய் இருக்கு. அடிக்கடி வராது, நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல. உடம்போட காவல்காரனே உடம்பு ரத்தக்குழாய அடிக்க ஆரம்பிச்சுடுவான். ஊசி குத்தின இடம்கூடக் கட்டியாகிடும். முதல்ல வாயில வரும். வரும், போகும், வரும். அதனாலதான் நம்ம கண்ணுல மாட்டல. கண்ணுக்குப் போச்சுன்னாதான் ஆபத்து. ஒவ்வொரு தடவ சிவக்கும்போதும் பார்வையில கொஞ்சம் போயிடும். போனது வராது."

டார்ச்சம்மா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செக்கிங் மேஜையில் குனிந்திருக்கிற அந்தத் தலை அவள் கண்முன் வந்து நின்றது.

"இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "கண்ணு சிவப்புன்னு மட்டும் போனா மறுபடி சொட்டு மருந்துதான் குடுப்பாங்க. எல்லாத்தையும் சேர்த்துச் சொன்னாதான் உள்ள வரைக்கும் பார்ப்பாங்க. இன்னும் ஒரு கேள்வி பாக்கி. வாயில வர்ற மாதிரியே மறைவான இடத்துலயும் புண்ணு வருதான்னு கேக்கணும். நான் கேட்டா சொல்லமாட்டாங்க. நீங்கதான் கேக்கணும்."

"என்னோட பேசறதே இல்ல டாக்டர் அவ."

"அப்ப முதல்ல பேச வைங்க" என்றார் அவர்.

சொல்லுவது சுலபம்! அன்றைக்குப் பகல் மூன்று மணிக்கே கிளினிக்கிலிருந்து கிளம்பினாள். கைப்பையைத் திறந்து டார்ச்சை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஒன்பது சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் டார்ச் இல்லாமல் தெருவில் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்ததாக முடிதிருத்துகிறவரின் மனைவி பின்னால் சொன்னாள்.

நாத்தனார் காலை ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வா என்றும் சொல்லாமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன அண்ணி, கையில டார்ச்சைக் காணோம்? பேட்டரி தீர்ந்துபோச்சா?"

"வெச்சுட்டு வந்துட்டேன். அன்னிக்கு உன் மாமியார் முன்னாடி நான் பண்ணது தப்பு. உன் வாயைத் திறக்கறதும் மூடறதும் உன் இஷ்டம். மன்னிச்சுக்கோ." மூச்சு விடாமல் சொன்னாள். நின்றால் சொல்லமுடியாது என்று அவளுக்குத் தெரியும். "இப்ப அதைவிட மோசமான ஒண்ணு கேக்கப்போறேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். ஆனா பதில் சொல்லிடு."

சீட்டுகளை மடித்த துணி மேல் வரிசையாக வைத்தாள். இது நான் போட்ட சீட்டு, இது என் தப்பு, எட்டு தடவ ஆறிப்போச்சுன்னு நானே எழுதியிருக்கேன் பாரு என்றாள். அப்புறம் கேட்டாள்.

"வாயில வர்ற மாதிரி கீழயும் வருதா?"

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த சட்டையைப் பிசைந்தாள். "யாரு சொன்னா உங்ககிட்ட? அவரு சொன்னாரா?"

"உன் வீட்டுக்காரர் என்கிட்ட எதுக்குடி இதையெல்லாம் பேசப்போறாரு? யாரும் சொல்லல."

அவள் உடைந்துபோனாள். "ரெண்டு தடவ வந்துச்சு. ஆறு மாசமாச்சு முதல்ல வந்து. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ரோட்ல சுத்தற மனுஷன், எங்கயோ போய் எதையோ வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்துட்டாருன்னு. கேக்கவும் முடியல, முழுங்கவும் முடியல. கேட்டா குடும்பம் உடைஞ்சிடும். அவரு வீட்டுக்கு வந்தாலே எரிஞ்சு விழறேன். ஏன்னு தெரியாம அந்த மனுஷன் முழிக்கறாரு. எந்த டாக்டர்கிட்ட போய் நான் இதைச் சொல்லுவேன் அண்ணி?"

டார்ச்சம்மா எழுந்துபோய் அவள் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பதினேழு வருஷ உறவில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது, ஆனால் விடவில்லை.

"கண்ணு எப்படி இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

"இடது கண்ணுல மூணு நாளா ஆவி படிஞ்ச மாதிரி இருக்கு. நாலு சட்டை திரும்பி வந்துடுச்சு அண்ணி. என் கையால போன சட்டை! கறை துணியில இருக்கா என் கண்ணுல இருக்கான்னே தெரியல."

டார்ச்சம்மா ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து ஓரடி தூரத்தில் பிடித்தாள். "வலது கண்ணப் பொத்து. இதுல சிவப்புப் புள்ளி எங்க இருக்கு, சொல்லு."

நாத்தனார் தேடினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சீட்டில் நாலு புள்ளி இருந்தது, பெரிசு பெரிசாக. "இதுல புள்ளியே இல்லையே அண்ணி" என்றாள்.

"செருப்பைப் போடு" என்றாள் டார்ச்சம்மா. "இப்பவே. மடிச்சது போதும்."

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் அடுத்த மாசம்தான் நேரம் இருக்கிறது என்றாள். டார்ச்சம்மா ஒன்பது சீட்டையும் கவுன்டரில் சீட்டாட்டம் மாதிரி விரித்தாள். வாயில் புண் இத்தனை தடவை, கீழே இரண்டு தடவை, ஊசி போட்ட இடத்தில் கட்டி, மூன்று நாளாகப் பார்வை மங்கல், எங்கள் டாக்டர் சந்தேகப்படுகிற நோய் இது, இதை எழுதி உள்ளே இருக்கிற டாக்டரிடம் கொடுங்கள், அவர் அடுத்த மாசம் வா என்றால் போய்விடுகிறேன் என்றாள். குரலைத் துளிகூட உயர்த்தவில்லை. அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்கள்.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்ததும் கருவி வழியாக நெடுநேரம் பார்த்தாள். கண்ணுக்குள்ளே வீக்கம், பின்பக்கம் வரைக்கும் போயிருக்கிறது, ரத்தக்குழாய்களும் வீங்கியிருக்கின்றன என்றாள். இன்னும் பரிசோதனைகள் செய்துதான் உறுதியாகச் சொல்லமுடியும், ஆனால் மருந்து இன்றைக்கே ஆரம்பிக்கிறோம் என்றாள். அப்புறம் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுட்டிருந்தது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான். தப்பா வெச்சுட்டிருந்தேன்" என்றாள் டார்ச்சம்மா.

"வெச்சுட்டிருந்தீங்களே. இன்னும் ரெண்டு வாரம் சொட்டு மருந்தே போட்டுட்டு இருந்திருந்தா, இந்தக் கண்ணுக்கு நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

நாத்தனாருக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. "டாக்டர், இது தொத்திக்கற நோயா? யாராவது குடுத்து வர்றதா?"

"இல்லம்மா. யார்கிட்ட இருந்தும் வராது. யாருக்கும் போகாது."

"நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். வெளியே வந்ததும் முதல் வேலையாக லாரியில் இருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். மருந்து விட்ட கண்ணோடு அவளுக்கு எண்கள் தெரியாததால் அண்ணிதான் போட்டுக் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லங்க. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா? பார்த்து ஓட்டுங்க." அவ்வளவுதான் சொல்லமுடிந்தது, அழுகை வந்துவிட்டது. ஆறு மாசமாக வள்ளென்று விழுந்த பொண்டாட்டி இப்படிப் பேசியதும் அந்த மனுஷன் பயந்துபோய், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, மச்சானுக்குப் போன் பண்ணி வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினாராம்.

நோய் அதுதான் என்று பத்து நாளில் உறுதியாயிற்று. மாத்திரை, மாசாமாசம் ரத்தப் பரிசோதனை, முகம் உப்பிப்போனது, கம்பெனியில் மேஜையை விட்டு பட்டன் எண்ணுகிற வேலைக்கு மாற்றினது என்று நாத்தனார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நாலு மாசம் கழித்து இடது கண்ணால் எழுத்துப் பலகையில் கடைசி வரி தவிர எல்லா வரியும் படித்தாள். அடுத்த வாரமே தன் மேஜைக்குத் திரும்பினாள். முதல் நாள் ஒரு காலரில் விட்டுப்போன ஒரே ஒரு தையலைக் கண்டுபிடித்து, சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாளாம்.

மஞ்சள் சீட்டும் மாறிவிட்டது. படத்துக்குக் கீழே இப்போது ஒரு வரி அச்சாகியிருக்கிறது: "இதற்கு முன்னால் எப்போது?" ஒருவருக்கு எத்தனை புண் வந்தாலும் ஒரே சீட்டுதான், இடம் போதாவிட்டால் பின்னால் ஒட்டவேண்டும். டப்பாவில் இருந்த இருபது வருஷத்துச் சீட்டுகளை டார்ச்சம்மா ஒரு மாசம் உட்கார்ந்து ஆள்வாரியாகப் பிரித்தாள். இன்னும் இரண்டு பேர் அதிலிருந்து வெளியே வந்தார்கள். ஒருவருக்குக் குடல் நோய், மற்றவருக்கு ஒன்றுமில்லை, வெறும் வாய்ப்புண்தான். டாக்டர் பாராட்டப் போனால், "அதை விடுங்க, அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்பாள். ஆனால் ஒன்று, அந்த நாளுக்குப் பிறகு அவள் டார்ச்சை கிளினிக்கை விட்டு வெளியே எடுப்பதில்லை. தெருவில் நாங்களெல்லாம் இஷ்டத்துக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம்.

மாமியார் மறுபடி வெளியூரிலிருந்து வந்தாள். அதே வீடு, அதே மேஜை, அதே ஆட்கள், கூடவே இந்தத் தடவை லாரிக்காரரும் இருந்தார். டார்ச்சம்மா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யார் சிரித்தாலும் நிமிரவில்லை. பாதிச் சாப்பாட்டில் நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, டார்ச் எங்க?"

"அது... கிளினிக்ல இருக்கு."

"இல்ல, இங்க இருக்கு" என்று வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள், திருட்டுப் பசங்க.

நாத்தனார் நாற்காலியை அண்ணிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புருஷன், மாமியார், அண்ணன் எல்லோருக்கும் முன்னால், கீழ் உதட்டை விரலால் மடித்து வாயைத் திறந்தாள். திறந்த வாயோடேயே சொன்னாள். "சின்னதா ஒண்ணு. இன்னிக்கு மூணாவது நாள். இதுக்கு முன்னாடி வந்தது நாலு மாசத்துக்கு முன்னாடி. கீழ இல்ல. கண்ணு தெளிவா இருக்கு. எழுதிக்கோங்க."

மாமியார் தொண்டையைக் கனைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அடுத்தது நான். இந்தப் பல்செட்டைக் கழட்டணுமா, அப்படியே காட்டலாமா?" என்றாள்.

டார்ச்சம்மாவால் சிரிக்கவும் முடியவில்லை. டார்ச்சை எரியவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக எந்த வாயிலும் அசையாமல் நின்ற வெளிச்சம் நாத்தனாரின் மூக்கிலும் கன்னத்திலும் மோதிக்கொண்டு ஆடியது. கண்ணில் தண்ணீர் கட்டி அவளுக்குப் புள்ளியே தெரியவில்லை. நாத்தனார் கையை நீட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் எங்கே விழவேண்டுமோ அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.